செட்டிநாட்டில் ஒரு போர்க்காலக் காதல் கதை: எழுத நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பர்மாவிலிருந்து உயிர் பிழைத்து வந்த ஒருவன். சொந்த வீட்டிலேயே ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு விதவை. செட்டிநாட்டை வைத்துச் சரித்திரக் காதல் கதை எழுதுகிறவர்களில் பலர் இந்தக் கருவுக்குத்தான் வந்து சேர்கிறார்கள். எழுதியதை எனக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. அது நன்றாக எழுதப்பட வேண்டும் என்ற ஆசையில் சில இடங்களில் கண்டிப்பாகவும் பேசியிருக்கிறேன்.

கதை 1942-ல்தான் நடக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் அந்த ஆண்டு தருகிற காரணங்களை வேறு எந்த ஆண்டும் தராது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மேல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் போட்டன. 1942 மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு எடுத்த அரசு விசாரணைக் கணக்கில் பர்மாவில் செட்டியார் கடைகள் மட்டும் ஏறக்குறைய 1,650 இருந்தன. அங்கிருந்து வந்த வட்டிப் பணத்தில்தான் இங்கே அடுப்பு எரிந்தது, கல்யாணம் நடந்தது, வீட்டுக்கு நிலை வைத்தார்கள். தபாலும் பணமும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் அந்த வீடு என்னவாகும் என்பதிலிருந்து கதையைத் தொடங்கலாம்.

அதே ஆண்டு ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்தில் குண்டு விழுந்ததும் சென்னைப் பட்டணம் பயந்து காலியானது. ஊர்ப்பக்கம் வந்த ரயில்களில் நிற்க இடமில்லை. ஆகஸ்டில் தேவகோட்டையில் நீதிமன்றத்துக்குத் தீ வைத்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது, திருவாடானைச் சிறையை ஊர்மக்களே உடைத்தார்கள். சாதாரணக் காலத்தில் ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க முடியாத இரண்டு பேர் பேசத் தொடங்குவதற்கு இவ்வளவு குழப்பம் தேவைப்படும்.

அவன் எந்த வழியாக வந்திருப்பான்?

கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ வந்துவிட்டார்கள். கிடைக்காதவர்களுக்கு நடைதான். ஒரு வழி, புரோமிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டி டவுங்கப் கரைக்கு வந்து, அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். இன்னொன்று, சிந்துவின் ஆற்றில் கலேவா வரை போய், காட்டு வழியே டாமு, பலேல், இம்பால், அப்புறம் திமாப்பூர் ரயிலடி. மூன்றாவது, வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாக லெடோ. மழை பிடித்த பிறகு அதில் போனவர்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. எல்லா வழிகளிலுமாக நான்கு லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலரா, மலேரியா, பசி என்று செத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பாதை, இந்தியர்களுக்கு ஒரு பாதை என்று பிரித்து அனுப்பிய இடங்களும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு வழியை முடிவுசெய்து அதிலேயே நிற்பது. எனக்கு வருகிற கதைகளில் பாதியில் அவன் ‘காடு மலை தாண்டி’ வந்துவிடுகிறான். புரோமில் காலரா பார்த்தவனுக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் இருக்கும். இம்பாலில் 1942 மே 10 குண்டுவீச்சில் அகப்பட்டவனுக்கு வானத்தைக் கண்டால் பயம். எந்த வழி என்று தெரிந்தால்தான் அவன் எதற்கு அஞ்சுகிறான் என்பதும் தெரியும்.

அவன் செட்டியாராகத்தான் இருக்க வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கட்சி. பர்மாக் கடைகளில் முதலாளி, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று நகரத்தார், அதாவது செட்டியார்கள், இருந்ததுபோலவே சமையற்காரர்களும் வேறு சாதி வேலையாட்களும் இருந்தார்கள். கப்பல் சீட்டு கடைசியாகத்தான் அவர்களுக்கு வந்தது. கணக்கப்பிள்ளை வீட்டுப் பையனாக வைத்தால் அவன் எழுதப் படிக்கத் தெரிந்தவன், வீட்டுக்குள் ஓரளவு வரக்கூடியவன், ஆனாலும் சரிசமமாக உட்கார முடியாதவன். கதைக்கு வேண்டிய இடைவெளி தானாக அமைந்துவிடும். இதற்குக் கீழே அப்படி வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

பணக்கார வீட்டு விதவை எப்படி ஒதுக்கப்பட்டவள் ஆவாள்?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். சோறு போடாமல் துரத்திவிட்டார்கள் என்று எழுதினால் நம்ப முடியாது. செட்டிநாட்டு வீட்டில் விதவை ஆச்சிக்கு வேலையும் பொறுப்பும் நிறையவே உண்டு. சாமான் அறைச் சாவி அவரிடம் இருக்கும். நூறு பேர் கல்யாணச் சமையலுக்கு அளவு சொல்வார். ஆனால் முகூர்த்த நேரத்தில், முற்றத்தைச் சுற்றிய வளவில் நிற்க மாட்டார். வெள்ளைச் சேலையோடு வீட்டின் பின்பக்கம் இரண்டாங்கட்டிலோ மூன்றாங்கட்டிலோ இருந்துகொண்டு, தான் அளவு சொன்ன கவுணி அரிசி தட்டில் முன்கட்டுக்குப் போவதைப் பார்ப்பார். இது ஊரில் எல்லா விதவைகளுக்கும் நடந்தது.

உங்கள் நாயகி அதற்கும் மேலே ஒதுக்கப்பட வேண்டுமென்றால் அவள் ஏதாவது ஒன்றை மறுத்திருக்க வேண்டும். பிள்ளை கூட்டுவதை மறுக்கலாம். வாரிசில்லாமல் கணவன் இறந்தால் பேர் சொல்ல ஒரு பிள்ளையைப் பங்காளி வீட்டிலிருந்து சுவீகாரம் எடுப்பார்கள். எந்தப் பிள்ளை என்பதை ஆண்கள் பேசி முடிப்பார்கள். ‘எனக்கு வேண்டாம்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் பகையாகிவிடுவார்கள், ஏனென்றால் அந்தப் பிள்ளையோடுதான் சொத்து போகிறது. இல்லாவிட்டால் தன் சீதனப் பணத்துக்குக் கணக்குக் கேட்கட்டும். அந்தப் பணம் கடையில் வட்டிக்குப் போடப்பட்டிருக்கும். அது ரங்கூனில் முடங்கிக் கிடக்கும்போது, ‘என் பேரில் எவ்வளவு நிற்கிறது?’ என்று கொழுந்தனாரைக் கேட்பது சாதாரண விஷயம் அல்ல.

இப்போது பாருங்கள், கணக்குத் தெரிந்த ஒருவன் பர்மாவிலிருந்து வந்திருக்கிறான். அவளுக்கு அவனோடு பேசக் காரணம் கிடைத்துவிட்டது. முதல் பேச்சு பணத்தைப் பற்றியதாக இருக்கட்டும். பேரேட்டில் தொடங்குகிற காதல் செட்டிநாட்டுக்கு மிகவும் பொருந்தும், எனக்கு அது கண்ணோடு கண் நோக்குவதைவிட அழகாகவும் படுகிறது.

கணவன் இறந்தானா இல்லையா என்று தெரியாத நிலையில் அவளை வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லாமல் போனால்தான் ஒருவர் இறந்ததாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். 1942-ல் காணாமல் போனவனுக்கு 1949 வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் தாலியை எடுப்பதா வேண்டாமா என்று வீட்டார் அடித்துக்கொள்வார்கள். அது வேறொரு நாவல். அதையும் இதையும் ஒன்றாகக் கலந்தவர்கள் நடுவில் மூச்சு வாங்குகிறார்கள்.

அவள் கணவன் சாவை அவன் கண்ணால் பார்த்ததாக வைத்தால்?

முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அவன் அதைச் சொல்லிவிட வேண்டும். கடைசி அத்தியாயத்துக்கு அந்த ரகசியத்தைப் பொத்தி வைத்தால், அவளுடைய துக்கத்தையே ஏமாற்றிக் காதல் வளர்த்த மாதிரி ஆகிவிடும். வாசகர்கள் அவனை மன்னிக்க மாட்டார்கள், நானும் மன்னிக்க மாட்டேன்.

இருவரும் சந்திக்க அந்த வீட்டில் இடம் ஏது?

வீட்டு அமைப்பை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முதலில் முகப்பு, திண்ணை. வெளி ஆட்களோடு கணக்கு வழக்கெல்லாம் அங்கே. அடுத்து வளவு. நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஒரே கூரைக்குக் கீழே மகன்களை வேறு வைத்து, தனித்தனியே சமையலும் நடக்கும். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, பிறகு அடுப்படி. வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் முகப்பில் நிற்பவருக்குக் கொல்லைக் கதவு வரை தெரியும்.

அந்த நேர்கோடுதான் உங்களுக்குப் பிரச்சினை. யார் எங்கே நின்று பேசினாலும் யாராவது பார்ப்பார்கள். அதனால் பேச்சு பொதுவில்தான் நடக்கும். திண்ணையில் உட்கார்ந்து அவன் பேரேட்டை வாசிக்க, வளவுக் கதவுக்கு உள்பக்கம் அவள் நின்று கேட்க, நடுவில் ஒரு அப்பத்தா உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருக்கலாம். எல்லோர் காதும் கேட்கும்படி பேசியே இரண்டு பேர் நெருங்குவதை எழுதிப் பாருங்கள். மொட்டைமாடி நிலாவெளிச்சச் சந்திப்பை எடுத்துவிடுங்கள்.

அவனுடைய மனக்காயத்தை அந்தக் காலத்தில் என்னவென்று சொல்வார்கள்?

இன்று டாக்டர்கள் சொல்லும் பெயர் எதுவும் அன்று இல்லை. ‘பயந்த கோளாறு’ என்பார்கள். ‘காத்துக் கருப்பு அண்டியிருக்கு’, ‘புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்பார்கள். மந்திரித்துத் திருநீறு போடுவார்கள், கையில் கயிறு கட்டுவார்கள். முற்றிவிட்டால் குணசீலத்துக்குக் கூட்டிப்போவார்கள், ஏர்வாடி தர்காவுக்கும் கூட்டிப்போவார்கள். இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று எள்ளி எழுத வேண்டாம். மகன் இப்படி ஆகிவிட்டானே என்று தவிக்கிற தாய் தனக்குத் தெரிந்த எல்லாக் கதவையும் தட்டுகிறாள்.

எழுதும்போது கனவுக் காட்சிகளைக் குறையுங்கள். அலறி எழுவது ஒரு முறை போதும். அவனுடைய காயம் அன்றாடக் காரியங்களில் தெரியட்டும். இலையில் போட்ட சோற்றில் பாதியை அவன் துண்டில் முடிந்துகொள்கிறான். அவன் தாய் பாயைச் சுருட்டும்போது காய்ந்த சோற்றுப் பருக்கையும் எறும்பு வரிசையும் இருக்கின்றன. அவள் ஒன்றும் சொல்லாமல் பெருக்கித் தள்ளுகிறாள். மறுநாளும் இருக்கிறது.

ஊருணித் தண்ணீர் இன்னொன்று. அன்று செட்டிநாட்டில் குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்துதான். காலையில் குடத்தோடு பெண்கள் படியிறங்குவதைப் பார்த்தால் ஊருக்கே அழகு. அரக்கான் பாதையில் குட்டையைச் சுற்றிக் கிடந்த பிணங்களைப் பார்த்தவன் அந்தப் படிக்கட்டுப் பக்கமே போக மாட்டான். தாகத்தோடு உட்கார்ந்திருப்பான். ஏன் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை, உங்கள் நாயகி கவனிக்கிறாள். காரணம் கேட்காமல் சுக்குத் தட்டிப் போட்டுத் தண்ணீரைக் காய்ச்சி, திண்ணைக்கு அனுப்பிவைக்கிறாள். நான் படித்த வரைவுகளில் மிகச் சிறந்த காட்சிகள் இந்த அளவில்தான் இருந்தன.

இன்னொரு நிஜமான விஷயம். போர்க்காலத்தில் செட்டிநாட்டிலேயே விமான ஓடுதளம் அமைத்தார்கள். இவ்வளவு தூரம் நடந்து ஊர் வந்து சேர்ந்தவனுக்குத் தன் வீட்டுக்கு மேலேயே விமானச் சத்தம் கேட்கும். ஊர்ப் பிள்ளைகள் கைதட்டிக்கொண்டு வயலுக்கு ஓடும்போது அவன் எங்கே இருப்பான் என்று யோசித்து எழுதுங்கள்.

அவள் அன்பால் அவன் குணமாகிவிடலாமா?

கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். அவளை மருந்தாக்கினால் அவள் மறுபடியும் ஒரு வீட்டுக்கு வேலை செய்கிறவளாகத்தான் ஆகிறாள். அவன் அவளை மீட்பதும் அதே மாதிரிதான். எடுத்த முடிவை எடுத்தவள் அவள், கேட்ட கேள்வியைக் கேட்டவள் அவள், மீட்பதற்கு அவன் வர வேண்டியதில்லை. இருவரும் ஒருவருக்கு ஒருவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊர் முழுக்க இவளைச் சகுனமாகவும் அவனைக் கிறுக்கனாகவும் பார்க்கும்போது, அவர்கள் மட்டும் அப்படிப் பார்க்காமல் இருக்கலாம். அவன் வேலைக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வருகிறாள், ஒதுங்கிக்கொள்ளப் பார்க்கிறாள், அவன் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறான். அது போதும். கடைசி அத்தியாயத்திலும் அவன் துண்டில் சோறு முடிந்துகொள்ளட்டும்.

ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவார்கள்?

அவன் ‘ஆச்சி’ என்பான். வயது குறைந்தவளாக இருந்தாலும் ஆச்சிதான். அவள் ‘கணக்கப்பிள்ளை’ என்பாள், ‘நீங்கள்’ என்று மரியாதை போட்டுத்தான் பேசுவாள். பெயர் சொல்லி அழைக்கிற காட்சியை எல்லோரும் ஆசையாக எழுதுகிறார்கள், எனக்கு அது பட்டணத்துக் கதையாகப் படுகிறது. இந்தப் பேச்சு எப்படி இருக்கிறது பாருங்கள்:

“கணக்கப்பிள்ளை, தண்ணி வச்சு நேரமாச்சு.”

“இருக்கட்டும் ஆச்சி.”

“காய்ச்சினதுதான். நானே நின்னு காய்ச்சினேன்.”

“…குடிக்கிறேன் ஆச்சி.”

இதற்கு மேல் எதையும் கூட்ட வேண்டாம்.

அந்தக் காலத்தில் மறுமணம் நடக்கக்கூடியதா?

நடந்தது. அதுவும் காரைக்குடிப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச ஒரு பத்திரிகையே இருந்தது. 1930-களில் சொ. முருகப்பாவும் மரகதவல்லியும் அங்கிருந்து ‘மாதர் மறுமணம்’ என்ற இதழை நடத்தினார்கள். 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் விதவை மறுமணமும் பெண்களின் சொத்துரிமையும் தீர்மானமாக வந்துவிட்டன. ஆகவே உங்கள் நாயகிக்கு மறுமணம் என்ற எண்ணம் வானத்திலிருந்து விழ வேண்டியதில்லை. சாமான் கட்டி வந்த தாளாகவே அந்த இதழ் அவள் கைக்கு வரலாம்.

சட்டப்படி பார்த்தால், விதவை மறுமணம் 1856-லிருந்தே செல்லும். ஆனால் அதே சட்டத்தின்படி, மறுமணம் செய்தால் இறந்த கணவன் வழிச் சொத்தில் அவள் உரிமை போய்விடும். 1937 சட்டம் விதவைக்குக் கணவன் பங்கில் ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமை கொடுத்தது, விவசாய நிலம் அதில் சேரவில்லை. அதாவது மறுமணம் என்று முடிவெடுத்தால் அவள் கையில் இருப்பதை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சீதனம் பற்றி மட்டும் வழக்காடலாம். கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிய இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம், சீர்ச் சாமான் பட்டியல் எல்லாம் அப்போது வெளியே வரும்.

அவன் வேறு சாதி என்றால் இன்னும் சிக்கல். நகரத்தார் கல்யாணத்துக்கு ஒன்பது நகரக் கோயில்களில் அவரவர் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும், அப்போதுதான் அந்தத் தம்பதி சமூகக் கணக்கில் ஒரு ‘புள்ளி’. இந்தக் கல்யாணத்துக்கு மாலை வராது. சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டால் கோர்ட்டு ஏற்காது. கற்பனை இல்லை, அப்படி ஒரு வழக்கே உண்டு. 1934-ல் செட்டியார் ஒருவர் வேறு சாதி விதவை ஒருவரைச் சுயமரியாதை முறையில் மணந்தார். அந்தத் திருமணம் செல்லாது என்று 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அத்தகைய திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு 1967-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகுதான். பதிவுத் திருமணத்துக்கு 1923 திருத்தம் வழிவிட்டிருந்தது, அந்த வழியில் போனால் காகிதம் பலமாக இருக்கும்.

ஒன்று கவனியுங்கள்: ஊர் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் இருந்தால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அப்படியே பொருந்தாது. காரைக்குடி, தேவகோட்டை என்றால் அன்றைய ராமநாதபுரம் ஜில்லா, பிரச்சினை இல்லை.

சாப்பாடு, வீடு, துணி பற்றி எவ்வளவு எழுதலாம்?

குறைவாக. ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கருப் பூச்சு என்று முதல் அத்தியாயத்திலேயே அடுக்கினால் சுற்றுலாக் கையேடு ஆகிவிடும். 1943-ல் பர்மா அரிசி இல்லாமல் ரேஷன் வந்த வீட்டில் மரவை என்ற மரப் பாத்திரத்தில் என்ன மிச்சம் இருந்தது என்று எழுதினால் நல்லது.

நெருக்கமான காட்சிகள்?

எழுதலாம். விதவைக்கு ஆசை உண்டு என்பதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவனுக்கு மூடிய அறை ஆகாது என்று முன்பே காட்டியிருந்தால் அதை இங்கே மறந்துவிடாதீர்கள்.

பர்மியர்களை எப்படிக் காட்டுவது?

நேர்மையாக. 1930 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்தது ஏறக்குறைய 6 சதவீத நிலம். நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போனதும், 1938-க்குள் அது 25 சதவீதம் ஆனது. நிலத்தை இழந்தவன் ஒரு பர்மிய விவசாயி. செட்டியார்கள் நிலம் தேடிப் போகவில்லை, பணத்தைத்தான் கேட்டார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் எழுதுங்கள். உங்கள் கணக்கப்பிள்ளை அந்தக் கிரயப் பத்திரங்களைத் தன் கையால் எழுதியவன். ஓடிவரும் வழியில் அவனுக்குச் சோறு போட்டவர்களும் பர்மியர்களாக இருக்கலாம். அவன் இரவில் தூங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

சரி, கதையை எங்கே முடிப்பது?

பர்மாச் சொத்து திரும்பி வந்து எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. சுதந்திர பர்மா 1948-லேயே நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது, அந்த நிலம் போனது போனதுதான். அவள் கேட்ட கணக்குக்குப் பதிலாகக் காசு வராது. கணக்கு வரும்: உன் பேரில் இவ்வளவு இருந்தது என்று அவன் எழுதி, வரவு செலவைத் தொகுத்து ஐந்தொகை போட்டுக் காட்டுவான். கொழுந்தனார் அதில் கையெழுத்துப் போடுகிற காட்சியை ஒருவர் எழுதி அனுப்பியிருந்தார், அருமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு திருச்சிக்கோ மதுரைக்கோ ரயிலேறலாம், ஊரிலேயே தெருமாறிக் குடியிருக்கலாம். சேர்ந்து வாழட்டும். காதல் கதை என்று சொல்லிவிட்டு, கடைசியில் இருவரில் ஒருவரைச் சாகடிக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் பட்டது போதும்.

எழுதும் முன் எங்கே போய்ப் பார்க்கலாம், எதை வாசிக்கலாம்?

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை வீடுகளில் சிலவற்றை உள்ளே விடுவார்கள். முன்கட்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல், அடுப்படி வரை போக அனுமதி கேளுங்கள். பழைய இதழ்களுக்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சேகரிப்பிலிருந்து பிறந்தது அது. ஊரில் பெரியவர்களிடம் பேசும்போது ‘பர்மா’ என்று தொடங்காதீர்கள். ‘உங்கள் வீட்டில் யார் கொண்டுவிக்கப் போனது?’ என்று கேளுங்கள்; வெளிநாட்டுக்குத் தொழில் செய்யப் போவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்புறம் குறுக்கே பேசாமல் உட்கார்ந்திருங்கள். வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பலாம், முழுவதும் முடித்த பிறகு மட்டும்.